உணவும் உள்ளச் சோர்வும்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே செல்லும் கடற்கரைச் சாலை, நிலாவெளியைக் கடந்து, இறக்கக்கண்டிப் பாலத்தையும் தாண்டிக் குச்சவெளியை அடைகின்றது. கிழக்கே கடல்; மேற்கே வயலும் சேனையும் காடும். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இப்பகுதியில் பலருக்குக் கடலே தொழில், கடலே வைப்பு. பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரை கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஐப்பசியில் வாடைக்காற்று எழுந்துவிட்டால் வள்ளங்கள் கரையேறும். பின்னர் தை பிறந்து காற்றுத் தணியும்வரை பாடு குறைவு. பாடு இல்லாத வீட்டில் கறியும் இல்லை.

அத்தகைய ஒரு வாடைக் காலத்தில் அங்குள்ள ஒரு வீட்டை மனத்திற் கொள்ளலாம். வீட்டுத் தலைவி காலையில் சீனி போட்ட வெறுந்தேநீரோடு நிறுத்திக்கொள்கின்றாள். நண்பகலில் பிள்ளைகளுக்குச் சோறு வடித்துக் கொடுத்துவிட்டுத் தான் உண்ண மறந்துவிடுகின்றாள். இரவில் ஒரு துண்டுப் பாணைத் தேநீரில் நனைத்து உண்டு படுக்கின்றாள், உறக்கம் வருவதில்லை. அயலவள் விசாரித்தால், "பசிக்கேல்லை அக்கா, ஒரே யோசினையாக் கிடக்கு" என்பதே மறுமொழி. ஒரு கிழமையன்று, பல மாதங்களாக இந்நிலை. உறவினர் ஒருவர் நகரத்து மருந்துக் கடையிலிருந்து விலை மிகுந்த சத்துமா டின் ஒன்றை வாங்கி வந்து கொடுத்து, "இதைக் குடித்தால் எல்லாம் சரியாகும்" என்கின்றார். சரியாகுமா என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

முதலில் நோயை அறிந்துகொள்ளல் வேண்டும். துயரம் வேறு, மனச்சோர்வு என்னும் நோய் வேறு. இழப்பு நேர்ந்தவிடத்துத் துயருறுதல் மனித இயல்பு. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கைக் கரையோரத்தில் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது; குச்சவெளிக் கரையும் அதற்குத் தப்பவில்லை. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் இடம்பெயர்ந்து, மீண்டு, மறுபடியும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் இப்பகுதியிற் பல. இவர்கள் அழுதது நோயன்று. ஆனால் எதிலும் நாட்டமின்மை, இடைவிடாத மனக்கனம், உறக்கக் கேடு, பசிக் கேடு, களைப்பு, தன்னையே தாழ்வாக எண்ணல், வாழ்வே வீண் என்னும் நினைவு ஆகியவற்றுட் பல ஒன்றுகூடி, இரண்டு கிழமைகளுக்கு மேல் நாள்தோறும் நிலைத்து, அன்றாட வேலையையும் தடுக்குமாயின், மருத்துவர் அதனை மனச்சோர்வு நோய் என்பர். நம் மக்களிடத்து இந்நோய் பெரும்பாலும் உடலின் மொழியிலேயே பேசும். "தலையிடி", "நெஞ்சு அடைக்குது", "உடம்பு ஏலாமல் கிடக்கு" என்றே அது வெளிப்படும். ஆதலால் வீட்டாரும் அதனை உடற்பலவீனம் என்று கருதிச் சத்து மருந்து தேடுகின்றனர்.

அவர்கள் தேடுவது முற்றிலும் தவறான வழி என்று தள்ளிவிடவும் இயலாது. உடலில் சத்துக் குறைந்தால் உள்ளமும் குலையும் என்பதற்கு வலிய சான்றுகள் உண்டு. அவற்றுள் ஒன்று தமிழரோடு நெருங்கிய தொடர்புடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கீழைத்தேயங்களில் பெரிபெரி என்னும் நோய் பல்லாயிரம் பேரைக் கொன்றது. அப்பெயரே 'இயலாது' எனப் பொருள்படும் சிங்களச் சொல்லினின்று பிறந்தது என்பர். கால்கள் மரத்து இதயம் வீங்குவதற்கு முன்னரே சோர்வும் எரிச்சலும் ஊக்கக் குறைவும் நோயாளியைப் பற்றிக்கொள்ளும். மலாயாவில் மருத்துவராயிருந்த பிறட்டன் என்பார் ஒரு வேறுபாட்டைக் கண்டார். தீட்டிய பச்சையரிசி உண்ட சீனத் தொழிலாளர் இந்நோயால் வாடினர். அதே நாட்டில் உழைத்த தமிழ்த் தொழிலாளரோ பெரும்பாலும் தப்பினர். தமிழர் உண்டது புழுங்கலரிசி. 1909ஆம் ஆண்டில் பிறேசர், ஸ்ரன்ரன் என்னும் இருவர் தொழிலாளரிடையே இரு வகை அரிசியையும் கொடுத்துப் பார்த்து இவ்வுண்மையை உறுதிப்படுத்தினர்.

புழுங்கலரிசியில் அப்படி என்ன இருந்தது? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசி மணிக்குள் இறங்கிவிடுகின்றது. பின்னர் குற்றினாலும் தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. யாவாவில் கோழிகளைக் கொண்டு இதே புதிரை ஆராய்ந்த எயிக்மன் என்னும் ஒல்லாந்த மருத்துவருக்கு 1929ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. அச்சத்து இன்று தயமின் அல்லது விற்றமின் பி1 எனப்படுகின்றது. ஆராய்ச்சிக்கூடம் எதனையும் காணாத பாட்டியின் நெல் அவிக்கும் பானை ஒரு பெரும் நோயைத் தடுத்து நின்றமை எண்ணத் தக்கது.

இரண்டாவது சான்று பசியைப் பற்றியது. 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பார் ஓர் ஆய்வு நடத்தினார். போரில் ஆயுதமேந்த மறுத்த 36 இளைஞர் தாமாகவே முன்வந்து 24 கிழமைகள் அரைவயிற்றுணவு உண்டனர். நல்ல உடலும் நல்ல மனமும் உடையோரெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர்கள், எடையில் ஏறக்குறைய காற்பங்கை இழந்ததோடு நகைச்சுவையையும் நட்பையும் நாட்டத்தையும் இழந்தனர். பலர் சோர்ந்து, தனித்து, எரிச்சலுற்று இருந்தனர். உணவு மீண்டும் கிடைத்த பின்னரும் உள்ளம் தேற மாதங்கள் சென்றன. பசித்தவனின் மனநிலையை அவனுடைய குணக்கேடு என்று பழிப்போர் இவ்வாய்வை நினைவிற் கொள்ளல் நன்று.

மூன்றாவது சான்று கீரையைப் பற்றியது. 1928ஆம் ஆண்டளவில் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி, ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுமையான சோகை நோய்க்கு ஆளாவதைக் கண்டார். மாமைற் எனப்படும் மலிவான நுரைமச் சாறு அவர்களைக் குணப்படுத்தியது. அதிலிருந்த சத்து பின்னர், 1941ஆம் ஆண்டில், கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுப் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. 1961ஆம் ஆண்டில் விக்ரர் ஹேபேட் என்னும் அமெரிக்க மருத்துவர் தம்மையே சோதனைப் பொருளாக்கினார். மும்முறை வேகவைத்து நீரை வடித்த உணவையே உண்டு, அச்சத்தை உடலினின்று அகற்றினார். நான்காம் மாதத்தில் உறக்கமின்மை, மறதி, எரிச்சல் ஆகியன தோன்றின. போலிக் அமிலம் உட்கொண்டதும் அவை விரைவில் நீங்கின. கீரையை நெடுநேரம் அவித்துச் சாற்றை வடித்து ஊற்றும் வழக்கம் எத்துணை இழப்புத் தருவது என்பதற்கும் இதுவே பாடம்.

குறைந்த சத்தை நிறைத்தால் அக்குறையால் வந்த சோர்வு நீங்கும் என்பது இச்சான்றுகளால் தெளிவு. ஆனால் இதிலிருந்து மற்றொரு முடிவுக்குத் தாவுவோர் பலர். 'சத்துக் குறைவு சோர்வைத் தருமாயின், சத்தை மிகுதியாக்கினால் எச்சோர்வும் தீரும்' என்பது அவர்தம் கூற்று. விளக்கில் எண்ணெய் வற்றினால் சுடர் அணையும். நிறைந்த விளக்கில் மேலும் எண்ணெய் ஊற்றினால் சுடர் பெருகுவதில்லை, எண்ணெய்தான் வழியும்.

அண்மைக்கால ஆய்வுகள் இதனை உறுதிப்படுத்துகின்றன. ஐரோப்பிய நாடுகள் நான்கில், உடற்பருமனும் சிறிதளவு சோர்வுக் குறியும் உடைய 1,025 பேரிடம் ஓராண்டு நடத்தப்பெற்ற ஆய்வின் முடிவு 2019ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மீனெண்ணெய்க் கொழுப்பு, போலிக் அமிலம், செலனியம், விற்றமின் டி ஆகியன கொண்ட மாத்திரைகளை ஒரு சாராரும், சத்தற்ற போலி மாத்திரைகளை மறு சாராரும் உட்கொண்டனர். மனச்சோர்வு நோய் தோன்றுவதைச் சத்து மாத்திரைகள் தடுக்கவில்லை. அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்த 18,353 பேரிடம் ஐந்தாண்டுகளுக்கு மேல் விற்றமின் டி கொடுத்து நடத்திய ஆய்வும் 2020ஆம் ஆண்டில் அதே விடையையே தந்தது.

மீனெண்ணெய் பற்றித் தனியே சிறிது கூறல் வேண்டும். மூளையின் கட்டமைப்பில் ஒமேகா மூன்று என்னும் கொழுப்பு வகைக்குப் பெரும் பங்கு உண்டு. மீன் மிகுதியாக உண்ணும் யப்பான் போன்ற நாடுகளில் மனச்சோர்வு குறைவாகக் காணப்படுகின்றது என்று 1998ஆம் ஆண்டில் ஹிபெல்ன் என்னும் ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். ஆயினும் நாட்டுக்கு நாடு வேறுபடுவது மீன் ஒன்று மட்டும் அன்று. குடும்ப அமைப்பும் தொழிலும் நோயைக் கூறும் முறையும் வேறுபடும். நோயுற்றவரிடம் நேரே செய்த சோதனைகளில், ஈ.பி.ஏ. என்னும் கூறு மிகுந்த மீனெண்ணெய், மருந்துக்குத் துணையாகக் கொடுக்கப்பட்டபோது சிறிதளவு நன்மை தந்ததாகச் சில கூறுகின்றன. மருந்தின் இடத்தை அது பிடிக்கும் என்பதற்குச் சான்று இல்லை.

அந்தக் கொழுப்பு குப்பியில் அடைத்துத்தான் வரவேண்டும் என்பதும் இல்லை. சாளை, சூடை, கும்பளா, நெத்தலி ஆகிய சிறு மீன்களில் அது இயல்பாகவே உண்டு. இங்குதான் குச்சவெளி போன்ற ஊர்களின் முரண்பாடு தோன்றுகின்றது. பெருமீனும் இறாலும் நண்டும் கரை சேர்ந்தவுடனே வியாபாரியின் பனிக்கட்டிப் பெட்டிக்குள் புகுந்து வெளியூர் செல்கின்றன. அவற்றைப் பிடித்தவன் வீட்டுக்கு எஞ்சுவது சிறு மீனே. அதனைத் தாழ்வாக எண்ணவேண்டியதில்லை. உள்ளத்துக்கும் உடலுக்கும் வேண்டியது அதிலேயே மிகுதி. முள்ளோடு உண்ணும் நெத்தலியில் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். வாடைக்காலத்துக்கெனச் சேமிக்கும் கருவாட்டிலும் புரதம் உண்டு. உப்பு மிகுதியாதலின் நன்கு ஊறவைத்துக் கழுவி அளவோடு சேர்த்தல் வேண்டும்.

தனித்தனிச் சத்துகள் தராத பயனை முழு உணவு முறை தரலாம் என்பதற்கு ஒரு சான்று அவுஸ்திரேலியாவிலிருந்து கிடைத்தது. பெலிஸ் ஜக்கா என்னும் பெண் அறிஞர் தலைமையில், மனச்சோர்வு நோயுற்ற 67 பேரிடம் நடத்திய ஆய்வு 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்களுட் பெரும்பாலோர் வழக்கமான சிகிச்சையும் பெற்றுவந்தோர். ஒரு பகுதியினருக்கு உணவு வல்லுநர் நேரிற் சென்று, காய்கறி, கனி, பருப்பு, தீட்டாத தானியம், மீன், ஒலிவ் எண்ணெய் ஆகியவற்றை மிகுத்து, இனிப்பையும் பொரியலையும் ஆலையுணவையும் குறைக்க வழிகாட்டினர். மற்றப் பகுதியினருக்கு அதே அளவு நேரம் நட்போடு உரையாடும் துணை மட்டும் கிடைத்தது. பன்னிரண்டு கிழமைகளின் பின், முதற் பகுதியினரில் நூற்றுக்கு 32 பேரும், மற்றவரில் நூற்றுக்கு 8 பேரும் நோய்க்குறி நீங்கப் பெற்றனர். ஆய்வு சிறிது, தாம் எப்பகுதியில் இருக்கின்றோம் என்பதும் அவரவர்க்குத் தெரியும். ஆதலால் இதனை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளல் ஆகாது. நம்பிக்கை தரும் தொடக்கம் எனலாம்.

ஒலிவ் எண்ணெய்க்குக் குச்சவெளியார் எங்கே போவார்? போகவேண்டியதில்லை. அவ்வுணவின் இலக்கணம் நம் அடுப்படியிலும் நிறைவேறும். தவிடு நீங்காத சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு, அல்லது குரக்கன் பிட்டு; பயறு, உளுந்து, கௌபீ ஆகியவற்றுள் ஒன்று; வேலியில் நிற்கும் முருங்கையிலை, வளவில் முளைக்கும் பொன்னாங்காணி, வல்லாரை; சிறு மீன் குழம்பு; சிறிது நல்லெண்ணெய்; ஒரு வாழைப்பழமோ கொய்யாவோ; கிடைக்குமாயின் எருமைத் தயிர். கீரையில் தேசிக்காய்ப் புளி விட்டால் அதிலுள்ள இரும்புச் சத்து உடலிற் சேர்வது மிகும். சோற்றோடு தேநீர் குடித்தால் அது குறையும். ஆதலின் தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தல் நன்று. சீனித் தேநீரும் பாணும் பசியை ஏமாற்றுமேயன்றி உடலைப் பேணா.

இவை கைக்கெட்டாத காலமும் வரும் என்பதை மறைத்தற்கில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, ஆவணி மாதத்தில், மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் உயர்ந்தது. இயந்திரப் படகுகள் பல கரையிலேயே கிடந்தன. அத்தகைய வேளையில் 'நன்றாக உண்ணுங்கள்' என்னும் அறிவுரை எள்ளலாகவே ஒலிக்கும். உணவுக்கு வழியில்லாமையே சோர்வின் வேராக இருக்குமிடத்து, வழிசெய்தலே முதல் மருந்து.

இனி, சத்து மருந்துகள் உண்மையாகவே வேண்டப்படும் இடங்களும் உண்டு. மீன், முட்டை, பால் எதுவும் சேர்க்காதவர்க்கு விற்றமின் பி12 குறையும். அக்குறை மறதியையும் சோர்வையும் நரம்புத் தளர்ச்சியையும் தரும். நீரிழிவுக்கு மெற்போமின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோர்க்கும் இச்சத்துக் குறைதல் கூடும். கசிப்பும் சாராயமும் நாள்தோறும் அருந்துவோர் உடலில் தயமின் வற்றி மூளையே பழுதுறும்; அவர்க்கு அதனை ஊசி மூலம் கொடுக்கவேண்டிய நிலையும் நேரும். தைரொயிட்டுச் சுரப்பி தளர்ந்தாலும் மனச்சோர்வு போன்றே தோன்றும். அயடீன் சேர்ந்த உப்பு அத்தளர்ச்சியின் ஒரு காரணத்தைத் தடுக்கும். கருவுற்ற தாய்மார்க்குக் குடும்பநல உத்தியோகத்தர் கொடுக்கும் இரும்பு, போலிக் அமில மாத்திரைகளும், 1973ஆம் ஆண்டு முதல் இலங்கையில் வழங்கப்பட்டுவரும் திரிபோசா என்னும் சத்துமாவும் இவ்வகையின. அம்மாவைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டுத் தாய் வெறுவயிற்றோடு இருத்தல் வழக்கம். பிள்ளைப்பேற்றின் பின் தாயைச் சோர்வு பற்றுமிடத்து அவ்வழக்கம் பிள்ளைக்கும் நன்மையாகாது. குறை உண்டா என்பதை எளிய இரத்தப் பரிசோதனை பலவற்றிற் காட்டிவிடும். பார்த்து நிறைத்தல் மருத்துவம். பாராமல் விழுங்குதல் வீண்செலவு.

வீண்செலவோடு தீங்கும் சேர்வதுண்டு. விற்றமின் ஏ, டி ஆகியன உடலில் தேங்கி நஞ்சாகும். பி6 மிகுந்தால் நரம்பு பழுதுறும். மேலைநாட்டில் மனச்சோர்வுக்கென விற்கப்படும் சென் ஜோன்ஸ் வேட் என்னும் மூலிகை, மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் ஆபத்து விளைக்கும். கருத்தடை மாத்திரையின் பயனையும் குறைக்கும். இயற்கைப் பொருளாதலின் கேடு செய்யாது என்பது பொய்யான ஆறுதல். எல்லாவற்றினும் பெரிய தீங்கு, டின்னை நம்பி மருத்துவரைக் காணாதிருத்தலும், தொடங்கிய மருந்தை இடையில் தாமாகவே நிறுத்துதலுமாம்.

மீண்டும் அந்த வீட்டுக்கு வருவோம். பசியில்லை என்று கூறும் அவளிடம், 'மூன்று வேளையும் நிறைய உண்' என்பதாற் பயன் இல்லை. உண்ண விருப்பமின்மை அவள் பிடிவாதம் அன்று. நோயின் கூறே அது. உண்ணாமையால் உடல் தளர்கின்றது. தளர்ந்த உடல் சமைக்க மறுக்கின்றது. சமையாத வீட்டில் மனம் மேலும் இருள்கின்றது. இச்சங்கிலியை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தல் வேண்டும். சிறிது சிறிதாக, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை உண்ணக் கொடுக்கலாம். மெல்லவும் சமைக்கவும் சலிப்பு மிகுந்த நாளில், இலைக்கஞ்சியோ, மீனும் கீரையும் பயற்றங்காயும் சேர்ந்த ஒடியற்கூழோ ஒரு கிண்ணம் போதும். ஒரே நேரத்தில், ஒருவரோடு கூட இருந்து உண்ணல் இன்னும் நன்று.

இதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு ஒரு வழக்கமே சான்று. சாவு நேர்ந்த வீட்டில் அடுப்பு மூட்டார். அயலவர் சமைத்துக் கொண்டுவந்து, அருகிருந்து, இரண்டு பிடியாவது உண்ணச் செய்வர். தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் இவ்வறம் ஒன்றே. துயருற்றவனால் தனக்கெனச் சமைக்க இயலாது என்னும் அறிவு அதனுள் அடங்கியிருக்கின்றது. ஆனால் அந்தியேட்டி கழிந்ததும் சட்டிகள் வருவது நின்றுவிடுகின்றது. மனச்சோர்வோ முப்பத்தொரு நாட் கணக்கை அறியாது; ஆறு மாதம் கழிந்தும் அது வாசலில் அமர்ந்திருக்கும். அந்த ஆறாம் மாதத்தில் வேலிக்கு மேலாக நீட்டப்படும் ஒரு சட்டி மீன்குழம்பு, டின்னில் வரும் எந்த மாவினும் பெறுமதி மிக்கது. அதனைக் கொடுப்பவள், உண்ணும்வரை சற்றே அமர்ந்து பேசவும் செய்வாள் அன்றோ?

அப்பேச்சில் மற்றொன்றையும் கூறல் வேண்டும். இரண்டு கிழமை கடந்தும் சோர்வு நீங்காதாயின் வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். மனநல மருத்துவம் பைத்தியத்துக்கு மட்டும் உரியது என்னும் எண்ணம் இன்னும் பலரைத் தடுக்கின்றது. துணையாக ஒருவர் உடன் சென்றால் அத்தயக்கம் பாதி குறையும். சாவைப் பற்றிய எண்ணம் எட்டிப் பார்த்ததாக ஒருவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தாலும் காலம் தாழ்த்தலாகாது. அவரைத் தனியே விடாது உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண் இலங்கையின் எப்பகுதியிலிருந்தும் அழைக்கத் தக்கது.

உரையாடும் சிகிச்சையும், வேண்டுமிடத்து மருந்தும், உறக்கமும், உழைப்பும், உறவும் ஆகிய பல தூண்களின் மேல் நிற்பது உள்ளத்தின் நலம். உணவு அவற்றுள் ஒன்று. பிற தூண்களைத் தாங்கும் தளமும் அதுவே. சுவரிருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பர். வாடை தணிந்து வள்ளங்கள் மீண்டும் கடலில் இறங்கும் நாளில், அவ்வீட்டு அடுப்பிலும் புகை எழுமாயின், அதற்கு மருத்துவரும் அயலவளும் ஒரு பிடி முருங்கையிலையும் சேர்ந்தே காரணமாயிருப்பர்.